பாலுஸுக்கு ஓர் எஞ்சின்

1994 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என் மனைவி வீட்டுக்குள் வராமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாளே தவிரக் குடிக்கவில்லை.

"தாய் பிழைச்சுட்டா. பிள்ளை தங்கலைங்க" என்றாள்.

மூன்று நாள் வலியோடு வந்த பெண் அவள். பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில், நாங்கள் இருந்த மவுண்ட் ஹேகனிலிருந்து விமானத்தில் பதினெட்டு நிமிடத் தொலைவில் அவள் ஊர். ஊர்க்காரர்கள் ரேடியோவில் கூப்பிட்டிருக்கிறார்கள். விமானம் இல்லை என்று பதில் போயிருக்கிறது. இரண்டு கம்புகளுக்கு நடுவே கம்பளியைக் கட்டி, அதில் அவளைக் கிடத்தி, ஆண்கள் முறைவைத்துத் தோள் மாற்றி ஒன்றரை நாள் நடந்து ரோட்டுக்கு வந்திருக்கிறார்கள். அங்கிருந்து பிக்கப் வண்டியின் பின்புறத்தில் மீதித் தூரம்.

விமானம் ஊரில்தான் இருந்தது. ஹேங்கருக்குள், மூக்கில் எஞ்சின் இல்லாமல், மூன்று வாரமாக நின்றது. ஏன் நிற்கிறது, எவ்வளவு பணம் குறைகிறது என்று கடைசிக் காசு வரைக்கும் எனக்குத் தெரியும். அந்தச் சிறிய மிஷனின் விமானக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தவனே நான்தான்.

நான் பாளையங்கோட்டைக்காரன். கணித ஆசிரியர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒப்பந்த வேலையாக அங்கே போனேன். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து அங்கே பாடம் நடத்திய தமிழர்கள் அந்த நாட்களில் பலர் உண்டு. என் மனைவி நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பழக்கமான மிஷன்காரர்கள், "டிசா, நீங்கள் கணக்கு வாத்தியார்தானே, எங்கள் கணக்கைப் பாருங்கள்" என்று கேட்டார்கள். டிசா என்றால் டோக் பிசின் மொழியில் ஆசிரியர். ஒப்புக்கொண்டேன். நாலு நோட்டும் ஒரு ரசீதுப் புத்தகமும் என்றுதான் நினைத்தேன்.

அந்த நாட்டில் விமானம் என்றால் என்னவென்று சொன்னால்தான் மீதி புரியும். தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைப்பகுதிக்கு ரோடே கிடையாது. கடற்கரை நகரமான லேயிலிருந்து ஒரு நெடுஞ்சாலை கொரோகா வழியாக ஹேகனுக்கு ஏறி வருகிறது. அதிலிருந்து கிளைத்துப் போகும் பாதைகள் கொஞ்ச தூரத்தில் மலைக்குள் மறைந்துவிடும். அதற்கு அப்பால் நடந்துதான் போக வேண்டும். 800-க்கும் மேற்பட்ட மொழிகள் அந்த ஒரு நாட்டில் பிழைத்திருப்பதற்கு அந்த மலைகளும் ஒரு காரணம். மலைச்சரிவில் புல்லை வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டு நிலம்தான் பல ஊர்களுக்கு வெளியுலகம். 'பிளெஸ் பாலுஸ்' என்பார்கள். பாலுஸ் என்ற சொல்லுக்கு முதலில் புறா என்று பொருள். விமானம் வந்தபோது அதே பெயரை அதற்கும் வைத்துவிட்டார்கள். பேழையிலிருந்து நோவா அனுப்பிய புறாவைப் பற்றி அவர்கள் சபையில் பிரசங்கம் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த ஓடுதளங்கள் பலவும் ஒருவழிதான். மேட்டை நோக்கி இறங்க வேண்டும், பள்ளத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். இறங்கும்போது ஓர் இடத்தைத் தாண்டிவிட்டால் திரும்ப மேலெழ முடியாது, எதிரே மலை. மதியத்துக்குமேல் மேகம் மூடிவிடும் என்பதால் விடியற்காலையிலேயே பறந்தாக வேண்டும். தராசு வைத்து ஆளையும் நிறுப்பார்கள், அவர்கள் நெற்றியிலிருந்து முதுகில் தொங்கும் பிலும் பையையும் நிறுப்பார்கள். பைக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கும், சில சமயம் குழந்தை இருக்கும். ஐந்து கிலோ கூடினாலும் விமானி முடியாது என்று தலையாட்டிவிடுவார்.

எங்கள் விமானம் செஸ்னா 206. எழுபதுகளில் செய்தது. ஆறு பேர் உட்காரலாம். வலது பக்கம் பின்னால் அகலமான இரட்டைக் கதவு. இருக்கைகளைக் கழற்றிவிட்டால் ஸ்ட்ரெச்சரைத் தரையோடு கிடத்தலாம், காப்பிக்கொட்டை மூட்டைகளை அடுக்கலாம். உலகம் முழுக்க மிஷன் விமானிகள் இந்த மாடலை விரும்பியதற்கு அந்தக் கதவும் ஒரு காரணம். முன்னே ஆறு சிலிண்டர் காண்டினென்டல் எஞ்சின், 300 குதிரைத்திறன். அந்த எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் விதித்த ஆயுள் 1,700 மணி நேரம். அதற்குப் பிறகு முழுக்கப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கோக்க வேண்டும். நம்மூர் லாரிக்காரர்கள் 'எஞ்சின் வேலை' என்பார்களே, அதேதான். என்ன வித்தியாசம் என்றால், லாரி நின்றால் ரோட்டோரம் நிற்கும்.

எங்கள் விமானி ஓர் ஆஸ்திரேலியர், அதிகம் பேசாத மனிதர். 1,700 நெருங்கியபோது குழுவில் ஒருவர், "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே, எஞ்சின் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். விமானி தன் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். ஒரே எஞ்சின். கீழே காடு. அன்றைக்கே விமானத்தை நிறுத்திவிட்டார்.

அவரைக் கடுமையானவர் என்று அப்போது நினைத்தேன். அந்தப் பிள்ளை இறந்த இரவில் கோபமே வந்தது. ஆனால் ஒரே எஞ்சினோடு காட்டுக்கு மேல் பறந்த மிஷன் விமானிகள் எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. ஈக்வடாரில் பறந்த நேட் செயின்ட், எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வழி அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்து, சமையல் எண்ணெய் டின்களை வைத்து இரண்டாவதாக ஒரு எரிபொருள் வழியைத் தானே செய்து விமானத்தில் பொருத்திக்கொண்டார். அவருடைய முதல் மிஷன் வேலையும் பழுது பார்ப்பதுதான். இன்றைக்கு எம்.ஏ.எஃப். என்று உலகம் அறிந்திருக்கும் மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் 1945-ல் அமெரிக்காவில் தொடங்கியது. பெட்டி கிரீன் என்ற பெண் விமானி 1946 பிப்ரவரியில் அதன் முதல் பயணத்தைச் செய்தார், ஒரு பழைய வாக்கோ விமானத்தில், மெக்சிகோவுக்கு. அதே ஆண்டில் அந்த வாக்கோ மெக்சிகோவில் வேறொருவர் கையில் அடிபட்டது. அதைச் சரிசெய்யப் போன மெக்கானிக்தான் நேட் செயின்ட். பிற்பாடு 1956 ஜனவரியில் ஈக்வடார் காட்டில் அவரும் நான்கு தோழர்களும் ஈட்டிக்கு இரையானதைப் பலரும் படித்திருப்பார்கள். அதற்குப் பத்து வருடம் முன்னால் அவர் உடைந்த இறக்கைக்கு மரம் இழைத்துக்கொண்டிருந்ததை நினைக்கத்தான் எனக்குப் பிடிக்கும்.

நியூ கினியின் கதையும் அப்படித்தான். லுத்தரன் மிஷன் 1935-லேயே அங்கே ஒரு யுங்கர்ஸ் விமானத்தை வைத்திருந்தது, 'பாப்புவா' என்று பெயரிட்டு. ஆஸ்திரேலிய எம்.ஏ.எஃப். 1951-ல் ஒரு சிறிய ஆஸ்டர் விமானத்தோடு வந்தது. அதன் விமானி ஹாரி ஹார்ட்விக் சில மாதங்களிலேயே மலையில் மோதி இறந்தார். இருந்தது ஒரு விமானம், ஓட்டியது ஒருவர். இரண்டும் போன பிறகும் அதற்காகக் காணிக்கை கொடுத்தவர்கள் இருந்தார்கள், வேலை தொடர்ந்தது.

நாங்கள் பணம் திரட்ட ஆரம்பித்தபோது முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தோம். நான்தான் எழுதினேன். மலை, மேகம், ஓடிவரும் குழந்தைகள், "இந்த விமானத்துக்கு மறுவாழ்வு தாருங்கள்". ஹேகனிலும் கொரோகாவிலும் ஆஸ்திரேலிய சபைகளிலும் கொடுத்தோம். ஆறு வாரத்தில் வந்தது தேவையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு சபையிலிருந்து அன்பான கடிதம் வந்தது. புது விமானம் வாங்கும்போது சொல்லுங்கள், நிச்சயம் உதவுகிறோம் என்று.

அந்த வரியை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அதில் பொய் ஏதும் இல்லை. புது விமானத்துக்கு அவர்கள் உண்மையாகவே கொடுத்திருப்பார்கள். ஆலயம் கட்டக் கொடுப்பார்கள், ஒழுகும் கூரைக்குக் கேட்டால் சபை மன்றத்தில் மூன்று கூட்டம் நடக்கும். திருநெல்வேலியில் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புது விமானம் வாங்கலாமே என்று பலரும் கேட்டார்கள். 1994-ல் உலகத்தில் எங்குமே புது 206 கிடையாது. சிறு விமானத் தயாரிப்பாளர்கள்மேல் அமெரிக்க நீதிமன்றங்களில் நஷ்டஈட்டு வழக்குகள் குவிந்து, காப்பீட்டுச் செலவு தாங்காமல், செஸ்னா 1986-ல் பிஸ்டன் விமானங்கள் செய்வதையே நிறுத்திவிட்டது. தயாரிப்பாளரின் பொறுப்புக்குக் காலவரம்பு வைத்த சட்டம் 1994-ல்தான் வந்தது. புது 206 வெளிவர 1998 ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய கேரவன் என்ற செஸ்னா விமானம் புதிதாகக் கிடைத்தது, ஆனால் அதன் விலைக்கு எங்கள் மிஷன் மொத்தத்தையும் விற்றாலும் போதாது. ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒரு சனிக்கிழமை விமானி என்னை ஹேங்கருக்குக் கூப்பிட்டார். "கணக்கு எழுதுகிறவர் ஒரு தடவை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்" என்றார். பெயிண்டைச் சுரண்டிக் காட்டினார். அலுமினியத்துக்கு இரும்பைப் போலச் சிவப்புத் துரு பிடிக்காது. உப்புப் பூத்த சுவர்போல வெள்ளையாகப் பூத்து, விரல் பட்டால் மாவாக உதிரும். எதிரெதிராக ஒட்டிய இரண்டு தகடுகளுக்கு நடுவே அது வளர்ந்து ரிவெட்டுகளையே நெம்பி வெளியே தள்ளியிருந்தது. இறக்கைக்குள் பெட்ரோல் வைத்திருக்கும் ரப்பர்ப் பைகள் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தன. அதில் மடிப்பு விழுந்தால் தண்ணீர் தங்கும், ஏறும்போது அந்தத் தண்ணீர் எஞ்சினுக்குப் போகும். கட்டுப்பாட்டுக் கம்பிகள் கப்பியில் உரசும் இடத்தில் இழை இழையாக நூல் பிரிந்திருந்தது.

கடைசியாக விமானியின் இருக்கை நகரும் தண்டவாளத்தைக் காட்டினார். இருக்கையை நிலைநிறுத்தும் ஊசி போய் உட்காருவதற்காக வரிசையாகத் துளைகள். வட்டமாக இருக்க வேண்டியவை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. மேலேறும்போது மூக்கு நிமிரும். அப்போது ஊசி நழுவினால் இருக்கை பின்னால் ஓடிவிடும். விமானி கைப்பிடியை விடாமல் பிடித்தபடியே பின்னால் போவார், மூக்கு இன்னும் நிமிரும். செஸ்னா விமானங்களில் இதனால் உயிர்ச்சேதமே நடந்திருக்கிறது. இந்தத் துளைகளை அளந்து பார்க்க வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை எண்பதுகளிலேயே உத்தரவு போட்டிருந்தது.

கழற்றிய அந்தத் தண்டவாளத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதை வைத்தேன். பக்கத்தில் புதுத் துண்டு ஒன்று. பிரசுரம் எதுவும் வைக்கவில்லை. ஒவ்வொருவரும் வந்து புதுத் துளையில் விரலை விட்டுப் பார்த்தார்கள், பிறகு பழையதில் விட்டுப் பார்த்தார்கள். மலைக்காரப் பெரியவர் ஒருவர் இரண்டையும் மாறி மாறி ஐந்து நிமிடம் தடவிக்கொண்டிருந்தார். அவர் பேத்தி அந்த விமானத்தில் வந்து பிழைத்தவள். ஒன்றும் பேசாமல் போனவர் மத்தியானம் திரும்பி வந்து, அந்த வருடத்துக் காப்பிப் பணத்தில் ஒரு பங்கை என் கையில் வைத்தார்.

காப்பி அந்த வருடம் ஒரு கொடை. பிரேசிலில் ஜூன், ஜூலை மாதங்களில் உறைபனி விழுந்து அங்கே காப்பித் தோட்டங்கள் கருகிவிட்டன. உலகச் சந்தையில் விலை ஏறியது. நாங்கள் இருந்த வாகி பள்ளத்தாக்கில் ஒரு மூட்டைக்கு முந்தைய வருடம் நினைத்தே பார்க்காத பணம் கிடைத்தது. எங்கோ ஒரு குடியானவனின் நஷ்டத்தில் எங்களுக்கு இலாபம் வருகிறதே என்று மனைவி வருத்தப்பட்டாள். அந்த ஞாயிறு ஜெபத்தில் பிரேசில் விவசாயிகளையும் சேர்த்துக்கொண்டோம்.

கணக்கைப் பலகைக்குக் கொண்டுபோகும் யோசனை விமானி சொன்ன ஒரு கதையிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலையில் மருத்துவரை விமானத்தில் அனுப்ப வேண்டும் என்று ஜான் ஃபிளின் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர் பத்து வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அறுவடை இயந்திரம் செய்த ஹியூ விக்டர் மெக்கே தன் உயிலில் 2,000 பவுண்டு எழுதிவைத்தார். 1928 மே 17-ல் குளோன்கர்ரியிலிருந்து முதல் பறக்கும் மருத்துவர் கிளம்பினார். விமானம் குவான்டாஸ் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தது, மைலுக்கு இரண்டு ஷில்லிங். "மைலுக்கு இவ்வளவு என்று சொன்னால் யாருக்கும் புரியும், டிசா" என்றார் விமானி. ஆஸ்திரியாவில் மீவா என்ற கத்தோலிக்க அமைப்பும், விபத்தில்லாமல் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு சின்னக் காசு கொடுங்கள் என்று கேட்டு மிஷன் வாகனங்களுக்குப் பணம் சேர்ப்பதைப் பிற்பாடு படித்தேன்.

எனக்கு அம்மாவின் அடுப்படி ஞாபகம் வந்தது. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள். கைப்பிடி அரிசி. சேர்ந்ததும் ஆலயத்துக்குப் போகும். 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி தோர்ணக்கல் பக்கம் ஊழியர்களை அனுப்பினார்களே, அந்த வைராக்கியத்தின் பிள்ளைகள் எங்கள் அம்மாக்கள். கொடுப்பது பெரிதா சிறிதா என்று அவர்கள் பார்த்ததில்லை. எதற்கு ஒரு பிடி என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒட்டுப்பலகை ஒன்று வாங்கி, பள்ளியில் பிள்ளைகளை வைத்து 1,700 கட்டங்கள் போட்டேன். 34 வரிசை, வரிசைக்கு 50. எஞ்சின் வேலைக்கான மொத்தச் செலவை 1,700-ஆல் வகுத்தால் ஒரு கட்டத்தின் விலை. ஒரு கட்டம் வாங்கினால் ஒரு மணி நேரம் அந்த எஞ்சின் ஓடும். கட்டத்தில் நீலம் பூசுவோம். முழுக் கட்டம் முடியாதவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். அந்தப் பதினெட்டு நிமிட ஊருக்குப் போய்ப் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணைக் கொண்டுவர எத்தனை கட்டம் வேண்டும் என்று வகுப்பில் கேட்டபோது பின்வரிசைப் பையன் உடனே சொன்னான். அவன் அந்த ஊர்க்காரன்.

பணம் அதன் பிறகுதான் வந்தது. அந்த நாட்டுப் பணம் கினா. ஒரு கினா நாணயத்துக்கு நடுவில் துளை இருக்கும். பெண்கள் சங்கத்தார் அவற்றை நூலில் கோத்து மாலையாகக் கொண்டுவந்தார்கள். சந்தையில் கிழங்கு விற்ற சில்லறை அது. லேயிலும் கொரோகாவிலும் இருந்த தமிழ் ஆசிரியர்கள் அனுப்பினார்கள். அவர்களில் பாதிப்பேர் இந்துக்கள். திருச்சிக்காரர் ஒருவரிடம் கேட்கவே எனக்குத் தயக்கம். மிஷன் விமானம் ஆயிற்றே. அவர் சட்டைப்பையில் கைவிட்டபடியே, "சார், என் கிளாஸ்ல ஒன்பது பசங்க லீவுக்கு வீட்டுக்குப் போறதே அதுலதான். நீங்க கேக்காம விட்டிருந்தாதான் வருத்தப்பட்டிருப்பேன்" என்றார்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. சபை மூப்பர் ஒருவர் குழுவில் எழுந்து, "மருந்துக்கே வழியில்லாத ஊர்களுக்கு நடுவே ஓர் இயந்திரத்துக்கு இவ்வளவா" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் கணக்கைக் காட்டிப் பதில் சொன்னேன், அவருக்குத் திருப்தி இல்லை. மனைவி சொன்னதுதான் அவரை உட்கார வைத்தது. தடுப்பூசி மருந்து குளிர்ப்பெட்டியில் சில நாள்தான் தாங்கும். நடந்து கொண்டுபோனால் போய்ச் சேரும்போது அது வெறும் தண்ணீர். அந்த மூன்று மாதமாக ஆஸ்பத்திரிக் குளிர்சாதனப் பெட்டியில் மருந்து இருந்தது, மலையில் பிள்ளைகள் இருந்தார்கள்.

இன்னொரு சண்டை பெயிண்ட் பற்றியது. ஊர் வியாபாரி ஒருவர் மொத்தப் பெயிண்ட் செலவையும் ஏற்பதாகச் சொன்னார், வால் பகுதியில் அவர் பெயர் வர வேண்டும். நான் சரி என்று கை தூக்கினேன். விமானியும் பெண்கள் சங்கத்துத் தலைவியும் மறுத்தார்கள். பத்து டோயா சில்லறை கொடுத்த கிழவி அந்த வாலைப் பார்க்கும்போது என்ன படிப்பாள் என்று அந்த அம்மாள் கேட்டார். ஓட்டெடுப்பில் தோற்றேன். பெயிண்ட் இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று. அவர்கள் செய்தது சரி என்று எனக்கு விளங்க விமானம் திரும்பிப் பறக்க வேண்டியிருந்தது.

செப்டம்பரில் பலகையில் பாதிக்கு மேல் நீலமாகியிருந்தது. 19-ம் தேதி நியூ பிரிட்டன் தீவில் ரபௌல் நகரத்துக்கு இருபுறமும் தாவுர்வுர், வல்கன் என்ற இரண்டு எரிமலைகள் ஒன்றாக வெடித்தன. சாம்பல் பாரத்தில் கூரைகள் இடிந்து ஊரே புதைந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையில் எடுத்ததோடு ஓடின. அடுத்த ஞாயிறு போதகர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். மேசையை எடுத்து உள்ளே வைத்துவிட்டோம். ஐந்து வாரம் எல்லாக் காணிக்கையும் ரபௌலுக்குப் போயிற்று. அதில் எனக்கு ஒரு நாளும் மனக்குறை இல்லை.

அதே மாதத்தில் அரசாங்கம் கினாவின் மதிப்பை 12 சதவீதம் குறைத்தது. அக்டோபரில் சந்தை விலைக்கே விட்டுவிட்டார்கள், அது இன்னும் இறங்கியது. எஞ்சினுக்குப் பணம் ஆஸ்திரேலிய டாலரில் கட்ட வேண்டும். போதாக்குறைக்கு, பிரித்துப் பார்த்த பட்டறையிலிருந்து தந்தி போன்ற ஒரு சிறு கடிதம்: எஞ்சினின் வெளிக்கூட்டில் விரிசல். அந்த ரக எஞ்சினில் காணப்படுகிற கோளாறுதான், ஆனால் கூட்டையே மாற்ற வேண்டும். ஒரு கட்டத்தின் விலையை நான் அழித்து எழுதினேன். சாக்பீஸ் பிடித்த கை நடுங்கியது.

பின்வரிசைப் பையன் கேட்டான், "டிசா, நான் போன மாதம் வாங்கின கட்டம் இப்போது முக்கால் மணி நேரம்தான் ஓடுமா?"

கணக்குப்படி அப்படித்தான். பூசிய நீலத்தைச் சுரண்டுவதில்லை, மீதிக் கட்டங்கள்தான் அந்தச் சுமையைத் தாங்கும் என்று குழுவில் முடிவு செய்தோம். அந்தச் செய்தி எப்படியோ மலைக்கு ஏறியிருக்கிறது. தண்டவாளத்தைத் தடவிப் பார்த்த அந்தப் பெரியவர் இரண்டு நாள் நடந்து மறுபடி வந்தார். தான் வாங்கிய கட்டங்களுக்கு இப்போது எவ்வளவு குறைகிறது என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் வாங்கியது மணி நேரம், முக்கால் மணி இல்லை என்றார். குறைந்ததை எண்ணி வைத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

நவம்பரில் விமானியின் தாய்ச்சபையிலிருந்து ஒரு கனத்த உறை வந்தது. உள்ளே ஆஸ்திரேலிய 20 டாலர் நோட்டுகள், அக்டோபர் கடைசியில்தான் வெளியான புது பிளாஸ்டிக் நோட்டுகள். ஒரு பக்கம் ஜான் ஃபிளினின் முகம். விமானி ஒரு நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "மைலுக்கு இரண்டு ஷில்லிங்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்த மிகச் சில தடவைகளில் அது ஒன்று.

இவ்வளவும் நடந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. இப்போது மிஷன் விமானங்களின் உலகமே மாறியிருக்கிறது. பிஸ்டன் எஞ்சினுக்கான பெட்ரோல் பல நாடுகளில் கிடைப்பதே அரிதாகிவிட்டதால், ஜெட் எரிபொருளில் ஓடும் விமானங்களுக்கு மாறுகிறார்கள். மிஷன் வேலையை மனதில் வைத்தே அமெரிக்காவின் ஐடஹோவில் கோடியாக் என்ற விமானத்தை உருவாக்கினார்கள், 2007-ல் அதற்குச் சான்றிதழ் கிடைத்தது. கேரவன், கோடியாக் இரண்டிலும் இருக்கும் டர்பைன் எஞ்சின் 3,600 மணி நேரமோ அதற்கு மேலோ போகும். பலகையில் கட்டங்கள் இரு மடங்கு, ஒவ்வொன்றின் விலையும் அதிகம். 1948-ல் சிறிய ஜெமினி விமானத்தில் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்த்து, புருண்டி மலையில் மோதி உயிர் தப்பிய இரண்டு பிரிட்டிஷ் முன்னோடிகளில் ஒருவர் ஜாக் ஹெம்மிங்ஸ். அவர் 2024-ல் தன் 102-வது வயதில் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டாம் உலகப் போர்க் காலப் போர் விமானத்தில் ஏறிப் பறந்தார், எம்.ஏ.எஃப்.-க்குப் பணம் சேர்ப்பதற்காக. அந்தப் படத்தை என் பேரனிடம் காட்டி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

எஞ்சின் 1995 பிப்ரவரியில் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. பொருத்திச் சோதித்துப் பார்க்க மூன்று வாரம். புதிய பெட்ரோல் பைகள், புதிய கம்பிகள், புதிய தண்டவாளம். பெயிண்ட் வெள்ளைதான், வாலில் எழுத்து எதுவும் இல்லை.

மார்ச்சில் ஒரு விடியற்காலை முதல் பயணம். ஓடுதளத்தின் ஓரத்தில் பனிக்குள் ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தோம். என் மனைவி தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தராசில் ஏறினாள். விமானி எடையைக் குறித்துக்கொண்டார். போதகர் ஜெபம் பண்ணினார், சுருக்கமாக, மேகம் வருமுன் போக வேண்டும் என்பதால். மூக்கு நிமிர்ந்து ஏறியபோது நான் அந்த இருக்கையின் ஊசியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனது அந்தப் பதினெட்டு நிமிட ஊருக்குத்தான். பத்து மணிக்குள் திரும்பிவிட்டார்கள். மனைவி முகமெல்லாம் மஞ்சள் பூக்கள் ஒட்டியிருந்தன, இறங்கியதும் ஊர்ப் பெண்கள் தலைமேல் தூவியிருக்கிறார்கள். ஜூனில் பிள்ளையைப் பறிகொடுத்தவளும் வந்திருந்தாளாம். கூடை நிறையக் கிழங்கு கொடுத்தனுப்பியிருந்தாள்.

விமானி எஞ்சின் லாக் புக்கைத் திறந்து முதல் வரியை எழுதினார். போக வர 0.7 மணி நேரம். மையை ஊதிக் காயவைத்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இதுக்கு எவ்வளவு ஆச்சுங்க?"

அடுத்த எஞ்சின் வேலைக்கு இன்னும் 1,699.3 மணி நேரம் இருந்தது. மனதுக்குள் பெருக்கிச் சொன்னேன். அவள் கைப்பையைத் துழாவினாள். ஹேங்கர் மூலையில் கிடந்த காலிப் பால்பவுடர் டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து, நடுவில் துளை போட்ட அந்தக் கினாக் காசுகளை ஒவ்வொன்றாக எண்ணி அதில் போட்டாள். விமானி மூடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டிருந்தார், காசு நுழையும் அளவுக்கு.